குதிகால் தகடு

பிப்ரவரி 4

அண்ணா,

போன வாரம் முழுக்க நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. "ஊமச்சிக்கு என்ன கேடு?" என்று அப்பாவிடம் கேட்டாயாம். கேடு ஒன்றுமில்லை. போனில் நீ பேசுவாய், நான் "ம்" என்பேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக நான் சொல்லும் "ம்" உன் காதில் சம்மதமாக விழும். அப்படித்தான் என் சைக்கிள் உன் நண்பனுக்குப் போனது. அப்படித்தான் உன் கல்யாணத்தில் நான் அந்த ஜிகினா உடையில் ஊர் பார்க்க நின்றேன். இனிமேல் கடிதம்தான். தாளில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வண்டியை உன் பைக் குழுவுக்குத் தர முடியாது.

உன் குழுவை நான் பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டாயா? போன வருடம் என்னையும் அண்ணியையும் அழைத்துப் போனாயே. எல்லோரும் வழக்கமாக ஓட்டும் பைக்கை விட்டுவிட்டு, வீட்டில் வைத்திருக்கும் வேறொன்றைக் கொண்டுவந்து காட்டுகிற நாள். அந்த நாளுக்குப் பெயரே 'இன்னொன்னு'. மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒருவர், பெண்ணைப் பெற்றவர் மாதிரி கைகட்டி நின்றார். ஒருவரையொருவர் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கவில்லை. "வேற என்ன வச்சிருக்கீங்க?" என்றுதான் கேட்டார்கள். பல் டாக்டரிடம் ஒன்பது வண்டிகள் இருக்கின்றனவாம். "மழைக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணு, மனசு சரியில்லைன்னா ஒண்ணு" என்றார். மீதி ஆறும் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். டைல்ஸ் கடைக்காரர் பெட்ரோல் டாங்கைத் துடைத்த துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்த அவர் மனைவி அந்தத் துணியைக் கேட்டபோது, "இது அதுக்குன்னு வச்சது" என்றார்.

நீ எங்கே இருந்தாய்? வாசலில். கழுத்தில் விசிலோடு. ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவனுக்கு உங்களிடம் 'ஒத்தை' என்று பெயர். ஒத்தைகள் அன்றைக்கு வாசலில் நின்று, மற்றவர்கள் வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். "ஏ ஒத்தை, இந்தப் பக்கம் பாரு" என்று பல் டாக்டர் கூப்பிட்டார். நீ ஓடினாய். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் "கை இல்லையா?" என்கிற நீ, ஓடினாய்.

அந்த விசிலைக் கழற்ற உனக்கு இரண்டாவது வண்டி வேண்டும். புரிகிறது. ஆனால் அப்பாவிடம் இருப்பது யாருக்கும் இன்னொன்று ஆக முடியாது. அவருக்கு அது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர், பெட்டியையும் கழற்றிய மோட்டாரையும் எதில் கட்டிக்கொண்டு வருவார்? தலையிலா?

தர முடியாது. இது "ம்" இல்லை.

தங்கை


பிப்ரவரி 11

பட்டதாரி மேடத்துக்கு,

கடிதம் வந்தது. உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "எழுத்து நல்லா இருக்கு" என்றாள். நன்றாகத்தான் இருக்கும். நம் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்தவள் நீ ஒருத்திதானே. நான் பேட்டரிக் கடையில் பேட்டரி தூக்குகிறவன். எனக்கு எழுத வருமா?

அடுத்தவன் காதில் மெஷினை மாட்டி, 'பீப்' கேட்கிறதா என்று கேட்கிற வேலைக்கு ஒரு பட்டம். அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரையே எடை போடுகிறாய். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? அப்பா ஓட்டுவது என்ன வண்டி என்று உனக்குத் தெரியுமா? மோட்டாருக்கு அடித்து மிச்சமான பச்சை பெயின்ட்டை அதன்மேல் பூசி, பின்னால் கம்பியைக் கட்டிச் சந்தை மாடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பேச்சுவாக்கில் டைல்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன். "அந்த மாடலா? உங்கிட்டயா?" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இத்தனை நாளில் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், எனக்கு டீ சொன்னார்.

நான் வாசலில் நின்றதை நன்றாகவே பார்த்திருக்கிறாய். நான் ஓடியதையும் பார்த்திருக்கிறாய். காலேஜ் சேர்ந்த புதிதில், "யாரும் என்னைச் சேத்துக்கலண்ணா, சாப்பிடறப்பகூடத் தனியாத்தான் உக்கார்றேன்" என்று நீ அழுதது யாரிடம்? நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

இரண்டு வாரம் போதும். கொண்டுபோய், துடைத்து, நிறுத்தி, திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "உன் வண்டிதான்டா, எடுத்துட்டுப் போ" என்றார். உன்னிடம் கேட்டது ஒரு மரியாதைக்கு.

ஞாயிறு வருகிறேன். நீ வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சத்தம் ஒன்றுதான்.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

உன் இரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது.

அப்பா பஸ்ஸில் போகிறார். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கோணிப்பையில் சுற்றிய மோட்டார். நேற்று நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். கண்டக்டர், "பெரியவரே, மோட்டாருக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார். "மடியிலதானே வச்சிருக்கேன், அரை டிக்கெட் போடுப்பா" என்றார் அப்பா. பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். இறங்கும்போது அவரது இடது கால் படிக்கட்டில் சரியாகப் படியவில்லை. மோட்டார் முதலில் இறங்கியது, அவர் பின்னால் இறங்கினார்.

குழாயில் தண்ணீர் வராத வீடு காத்திருக்காது. பக்கத்துத் தெருவில் வேன் வைத்திருக்கும் மோட்டார்க்காரர் ஒருவர் இருக்கிறார். அப்பாவின் வாடிக்கை வீடுகள் இரண்டு அவரிடம் போய்விட்டன. அப்பா அதைச் சொல்லவில்லை. அந்த வேன் அவர்கள் வாசலில் நிற்பதை நான் பார்த்தேன்.

வண்டியைக் கொண்டுவந்து விடு.

தங்கை


மார்ச் 10

தங்கச்சிக்கு,

வேலை நடக்கிறது. இது துணியால் துடைக்கிற வேலை இல்லை. உனக்குச் சொன்னால் புரியாது. அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும். 'இன்னொன்னு' முடிந்ததும் வரும். ஊரில் ஆட்டோவே ஓடவில்லையா?

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

நேற்று ஒருவர் காது பரிசோதனைக்கு வந்தார். வருகிறவர்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். நான் சொல்லப்போவது அவர் காதைப் பற்றி இல்லை, வாயைப் பற்றி.

டைல்ஸ் கடைக்காரர். போன வருடம் மைதானத்தில் சாப்பிடும்போது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ஆனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அன்று அவர் சக்கரம் இல்லாத எதையும் பார்க்கவில்லை.

எங்கள் அறை சின்னது. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவைச் சாத்தினால் அவரவர் மூச்சு அவரவருக்கே கேட்கும். உள்ளே உட்காருகிறவர் கையில் ஒரு பொத்தான் கொடுப்போம், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் சத்தத்தை அனுப்புவேன். சிலர் நான் எதையும் அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். அவர் எப்படி அழுத்தினார் என்று நான் சொல்லக்கூடாது.

முடிந்து வெளியே வந்ததும், நான் கேட்காமலே, "எல்லாம் பைக் சத்தம்மா" என்றார், பதக்கம் வாங்கியவர் மாதிரி. போனை எடுத்துப் படம் காட்ட ஆரம்பித்தார். அவருடையது, பல் டாக்டருடையது, அப்புறம் இன்னொன்று.

"இதப் பாரு. எங்க குரூப்ல ஒத்தைன்னு ஒரு பையன். இந்த வருஷம் எல்லாரையும் தூக்கிச் சாப்ட்டுட்டான்."

அரக்கு நிறத்தில் ஒரு வண்டி. கண்ணாடி மாதிரி டாங்க், ஒரு ஆள் மட்டும் உட்காரும் ஒல்லியான சீட். பின்னால் பெட்டி வைக்கும் கம்பி இல்லை. யார் வீட்டு வண்டியோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் பலகையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நானே கேட்டேன், நம்பு. "இது யாரோடது சார்?"

"யாரோ ஒரு பெரியவரோடதாம். அருமை தெரியாம மோட்டாரக் கட்டி இழுத்துட்டு இருந்திருக்காரு. கியர்ல ஏதோ ஒரு முட்டாப்பய இரும்புத் துண்ட ஒட்ட வச்சிருந்தானாம். இவன் அத வெட்டித் தூக்கிப் போட்டுட்டு, தேடிப் பிடிச்சு ஒரிஜினல் மாட்டியிருக்கான். ஒரு நட்டுகூட வெளி நட்டு கிடையாது."

அந்த முட்டாள் யார் என்று உனக்குத் தெரியும். மோட்டார் விழுந்து இடது கணுக்கால் மடங்காமல் போனபின் அப்பா அந்த வண்டியை எப்படி ஓட்டினார் என்பதும் தெரியும். அதில் முதல் கியருக்கு மிதிக்க வேண்டும், மற்றதற்கெல்லாம் கால்விரலால் கியர் கம்பியை மேலே தூக்க வேண்டும். தூக்குவதற்கு அவருக்குக் கணுக்கால் இல்லை. அதனால் பழைய மோட்டாரின் அடித்தகட்டில் ஒரு துண்டு வெட்டி, கியர் கம்பிக்குப் பின்பக்கம் வால் மாதிரி பற்றவைத்தார். குதிகாலால் வாலை மிதித்தால் தலை தானாக மேலே போகும். நீயும் நானும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். "நெருப்பப் பாக்காதீங்க, கண்ணு போயிடும்" என்று நம்மை விரட்டிக்கொண்டே வேலை செய்தார். பற்றவைத்ததும் உன்னைத்தான் முதலில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

நீ அதை மறந்துவிட்டு வெட்டினாயா, ஞாபகத்தோடு வெட்டினாயா? எது கேவலம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தகடு போனதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். 'யாரோ ஒரு பெரியவர்' என்பதை மட்டும் சொல்லவில்லை.

தங்கை


மார்ச் 30

தங்கச்சிக்கு,

நீ போலீசில் சேர்ந்திருக்கலாம்.

மறக்கவில்லை. வண்டிக்கு வண்ணம் அடித்த பெயின்ட் கடைக்காரர் அந்தத் தகட்டைக் காட்டி, "இது என்னங்க?" என்றபோது சொல்ல வாய் எடுத்தேன். பக்கத்தில் பல் டாக்டர் நின்றார். எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு திருகாணி மாறியிருந்தாலும் அது 'கலப்படம்'. கலப்படத்தைக் கொண்டுவருகிறவனும் வாசலில்தான் நிற்பான். திரும்பக் கொண்டுவரும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "வெட்டுங்க" என்றேன். வெட்டிவிட்டார்கள்.

பெரியவர் விஷயத்துக்கு வா. அப்பாவுடையது என்று சொன்னால், அடுத்த கேள்வி "அப்பா என்ன பண்றார்?" மோட்டார் ரிப்பேர் என்றால் பல் டாக்டர், "எங்க வீட்ல மோட்டார் ஓடலப்பா, அவர வரச் சொல்லேன்" என்பார். அப்பாவும் போவார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போவார். நான் அதே வீட்டு ஹாலில் உட்கார்ந்து, மழைக்கு எது நல்ல வண்டி என்று பேசிக்கொண்டிருப்பேன். இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். நீ மட்டும் உன் ஆபீசில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தண்டோரா போட்டிருக்கிறாயா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் வண்டியைக் கேட்கிறார். பணத்துக்கு இல்லை. எங்களுக்குள் அது வழக்கமில்லை. இன்னொன்றுக்கு இன்னொன்று. அவரது ஒன்பதில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாமாம். எடுத்தால் இந்த ஜென்மத்தில் என்னை எவனும் ஒத்தை என்று கூப்பிட முடியாது. அப்பாவுக்குக் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கித் தருகிறேன். அந்தக் காலுக்கு அதுதான் நல்லது. நியாயமாகப் பார்த்தால் நீயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு வண்டியைக் கொண்டுவந்து விடுகிறேன். அப்பா கண்ணால் பார்க்கட்டும். பார்த்தால் அவரே சம்மதிப்பார். இரண்டு வாரம் கழித்து டாக்டரை அழைத்து வருகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

முதலில் உன் கேள்விக்குப் பதில். எங்கள் ஆபீஸ் மோட்டாரை யார் சரி செய்கிறார் என்று நினைத்தாய்? அங்கே எனக்கே 'மோட்டார்க்காரர் பொண்ணு' என்றுதான் பெயர். மோட்டார் நின்றால் மேலாளர் என்னைத் தேடி வருவார். பட்டத்துக்காக இதுவரை யாரும் என்னைத் தேடி வந்ததில்லை.

வண்டியை மூடியிருந்த துணியை, சிலை திறக்கிறவன் மாதிரி இழுத்தாய். அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நல்லா இருக்குடா. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார். உனக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. கியர் கம்பியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், என்னை டீ போடச் சொன்னார். நீ டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டாய். மறுநாள் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

காலையில் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பெட்டியைக் கட்டப் பின்னால் கம்பி இல்லை. டாங்கின்மேல் வைக்கப் போனவர், பளபளப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கீறல் விழுந்துடும்" என்று பெட்டியை என் கையில் கொடுத்தார். சொந்த வண்டியைத் தொட அவர் கூசியதை அன்றுதான் பார்த்தேன். "சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்" என்று ஏறினார். முதல் கியர் விழுந்தது. அடுத்ததற்குக் கால்விரலைக் கியர் கம்பிக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். பாதம் மடங்காமல் முழங்காலோடு மேலே வந்து வழுக்கியது. குனிந்து கையால் தூக்கப் பார்த்தார், குப்பைத்தொட்டியில் இடிக்கப் போனார். கடைசியில் தெருக்கோடி வரைக்கும் முதல் கியரிலேயே போய், முதல் கியரிலேயே திரும்பி வந்தார். வண்டி போட்ட கூச்சலில் வீட்டுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

எதிர்வீட்டுத் தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, "என்னண்ணே, வண்டிக்குப் பிரசவ வலியா?" என்றார்.

"இல்லப்பா. அதுக்கு மரியாதை வந்துடுச்சு. இனிமே மெதுவாத்தான் போகும்" என்றார் அப்பா.

அத்தனை பேர் முன்னால் சிரிக்க வைத்துவிட்டு, உள்ளே வந்து காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது மாலையைப் பிய்த்துப் போடும், பல் டாக்டரிடம் காட்டப் போகாது.

மத்தியானம் பற்றவைக்கும் கருவியை எடுத்தார். கெட்டுப்போன மோட்டார் ஒன்றின் அடித்தகட்டில் புதிதாக ஒரு துண்டு வெட்டினார். உன் ஒரிஜினல் கியர் கம்பியிலேயே, பளபளப்பிலேயே, வாலைப் பற்றவைத்தார். பக்கத்திலிருந்த அரக்கு பெயின்ட் கொப்புளித்துக் கருகியது. "போச்சா?" என்றேன். "வந்துடுச்சு" என்றார். பின்னால் கம்பியும் கட்டியாகிவிட்டது.

ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னேன். "ஸ்கூட்டர் பின்னாடி மோட்டாரக் கட்டினா முன்சக்கரம் வானத்தப் பாக்கும். பாரத்துக்கு உங்கண்ணன முன்னாடி ஏறி உக்காரச் சொல்லு" என்றார்.

டாக்டரை அழைத்து வராதே.

தங்கை


ஏப்ரல் 20

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று தெரியாமலா சொன்னார்கள்.

நீ வேண்டுமென்றே செய்தாய். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாய். டாக்டரை அழைத்து வராதே என்று நீ எழுதியிருந்தது நிஜம். டாக்டர் கிளம்பிவிட்ட பிறகு நான் எப்படித் தடுப்பேன்? வந்து பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் வந்தபோது அப்பா வாசலில் குந்தி, மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ். பக்கத்தில் வண்டி. அதில் கம்பி, பெட்டி, கருகிய தகடு. டாக்டர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "யாருங்க இதக் கெடுத்தது?" என்றார். அப்பா நிமிர்ந்து பார்க்காமலே, "ஓட்டறவன்" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "யாரு இவரு?" என்றார்.

"வண்டியப் பாத்துக்கறவரு" என்றேன். அது பொய் இல்லை. அப்பாவும், "ஆமா சார், நான்தான் பாத்துக்கறேன்" என்றார். எனக்காகத்தான் சொன்னார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. அத்தோடு முடிந்திருக்கும்.

அப்போது நீ கதவைத் திறந்துகொண்டு வந்தாய். யாராவது வந்தால் சமையலறையில் போய் ஒளிந்துகொள்கிறவள். கையில் தட்டு, தட்டில் டம்ளர்கள். டாக்டருக்கு ஒன்று நீட்டினாய். பிறகு என்னைப் பார்த்து, தையல்கடைக்கே கேட்கிற குரலில் சொன்னாய்: "அண்ணா, அப்பாவுக்குக் கையெல்லாம் கிரீஸா இருக்கு. நீ டம்ளரப் பிடிச்சு அவருக்குக் குடு."

நான் பிடித்தேன். அப்பா வாய் வைத்துக் குடித்தார். குடிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. டாக்டர் முகத்தை நான் பார்க்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, நான் ஓட்டி வந்த என் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு டாக்டர் செய்த போனை நானும் எடுக்கவில்லை. உன் வித்தைதான்.

குழுவுக்கு இனி எந்த முகத்தோடு போவேன்? இப்போது சந்தோஷமா?

இத்துடன் பார்சலில் பழைய தகடு இருக்கிறது. வெட்டிய அன்று பெயின்ட் கடைக் குப்பையிலிருந்து எடுத்து வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று ஆராய்ச்சி செய்து நான்கு பக்கம் எழுதாதே. உங்கள் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.


ஏப்ரல் 28

அண்ணா,

நீ அவசரப்பட்டுக் கிளம்பி, நல்ல கட்டத்தைத் தவறவிட்டாய்.

நீ போனபின் பல் டாக்டர் டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ கணக்குப் போடுகிற முகம். கூட வந்தவன் பெற்ற அப்பாவை அப்பா இல்லை என்று சொன்னதைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன். திடீரென்று முகம் மலர்ந்து, "அப்ப நீங்கதான் மொதல் ஓனரா?" என்றார்.

"ஆமா சார்."

"இந்த மாடலுக்கு மொதல் ஓனர் உயிரோட இருக்கறது ரொம்ப அபூர்வங்க."

"எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணும் சார்" என்றார் அப்பா.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அப்பாவை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். கிரீஸ் கையைத் துடைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அடுத்த வருடம் 'இன்னொன்னு'க்கு அப்பாவும் வந்து வண்டியோடு நிற்க வேண்டுமாம். மைதானத்தில் காட்டுவதற்கு முதல் ஓனரும் ஒரு உதிரி பாகம் போல. கடைசியில், குரலைத் தாழ்த்தி, "அந்தத் தகட்ட மட்டும் எடுத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார்.

"எடுத்துடலாம் சார். கால் ஒண்ணு குடுங்க, மாட்டிக்கறேன். ஒரிஜினலா இருக்கணும்."

அதற்கும் அவர் சிரித்தார். பிறகு, நீ பயந்ததைக் கேட்டார். அவர் வீட்டில் மோட்டார் நிஜமாகவே ஓடவில்லையாம். அப்பா, "ஞாயித்துக்கிழமை நான் வெளி வேலைக்குப் போறதில்ல சார். முன்னாடி ரெண்டு வீடு இருக்கு, அத முடிச்சுட்டு வர்றேன்" என்றார். போன வெள்ளிக்கிழமை போய் வந்தார். முன்வாசல் வழியாகத்தான் போனாராம், பின்வாசல் பக்கம் போக இடமில்லாமல் ஒன்பது வண்டி நிற்கிறதாம். இதற்காகவா நீ எங்களை யாரோ ஆக்கினாய்? அந்த மனிதருக்கு உன் அப்பா யாராக இருந்தாலும் ஒன்றுதான். நீ யாராக இருந்தாலும் ஒன்றுதான். இவர்களில் ஒருவனாக ஆவதற்கு நீ விசில் ஊதினாய்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. உனக்கும் சேர்த்துத்தான் டம்ளர் எடுத்துவந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றபோது நீ சொன்னது காதில் விழுந்தது. கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கேட்டதைக் கேட்காத மாதிரி நிற்க எனக்கு வரவில்லை.

பார்சல் வந்தது. அப்பா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்த வச்சது மோசம். அப்ப எனக்குக் கை சரியா வரல" என்றார். புதியதுதான் நன்றாக இருக்கிறதாம், இதை மாட்ட மாட்டாராம். உள்ளே போனவர் திரும்பி வந்து, "இத அவன்தான் எடுத்து வச்சிருந்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சாப்பிட உட்கார்ந்தபோது, "குப்பையிலிருந்தா எடுத்தான்?" என்று மறுபடியும் கேட்டார். ஆராய்ச்சி செய்ய வேண்டாம் என்று நீ எழுதியிருப்பதைச் சொன்னேன்.

இப்போது அது வாசலில் இருக்கிறது. காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க, அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். வந்தால் காலில் இடிக்கும், பார்த்து வா.

தங்கை